தேர் நுழையாத தெரு

நெல்லைச் சீமையின் தென்கோடியில், குமரி எல்லைக்கு அருகே, வடக்கன்குளம் என்றோர் ஊர். அங்கே 1872-ல் கத்தோலிக்கர் ஒரு கோவில் எழுப்பினர். திருக்குடும்பக் கோவில் என்பது அதன் பெயர். பெயரிலே குடும்பம், அமைப்பிலே பாகப்பிரிவினை! பீடம் ஒன்று. அந்த ஒரே பீடத்திலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப்போல் பிரிந்து செல்லும் மண்டபங்கள் இரண்டு. ஒரு மண்டபத்தில் வெள்ளாளர். மறு மண்டபத்தில் நாடார் முதலிய பிறர். நடுவே சுவர். பூசை வைக்கும் குருவை இரு சாராரும் காணலாம். ஒருவரை ஒருவர் காணலாகாது. ஆண்டவர் முன் அனைவரும் சமம் என்று குரு பிரசங்கம் செய்வார். அந்தப் பிரசங்கமும் சுவரின் இரு பக்கமும் தனித்தனியே சென்று சேரும்!

இதனைக் கட்டியவர் யார்? ஊரார் மட்டுமா? சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகம் அதிர முழங்கிய பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த சேசுசபைப் பாதிரிமாரின் ஒப்புதலோடு எழுந்த கட்டடம் அது. அவர்களுக்குச் சாதி தாய்ப்பாலோடு வந்ததன்று. வந்த இடத்தில் கற்றுக்கொண்டார்கள். நன்றாகவே கற்றுக்கொண்டார்கள்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற அந்தச் சுவர் 1910-ல் வீழ்ந்தது. இடித்தவர் நம் கழகத் தோழர் எவருமல்லர். கௌசானல் என்னும் பாதிரியார். பாராட்டத் தயங்க மாட்டோம். பூணூலை அறுப்பவன் எந்தக் கட்சியாயினும் கத்தரி கத்தரிதான். ஆனால், சுவர் விழுந்த சத்தம் அடங்குமுன் வெள்ளாளக் கிறித்தவர் நீதிமன்றம் ஏறினர். எங்கள் முன்னோர் காலந்தொட்டு வந்த உரிமை பறிபோயிற்று. எங்கள் இடத்தை எங்களுக்கே பிரித்துத் தரவேண்டும் என்று வழக்காடினர். ஆம் தோழர்களே! சிலுவையில் தொங்கியவனின் கோவிலில் தீட்டுப்படாமல் நிற்க இடம் கேட்டு, வெள்ளைக்காரன் சட்டத்தின் முன் கை நீட்டினார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று சட்டநூல்கள் குறிக்கும் வழக்கு அதுதான். வாதியின் பெயரைக் கவனியுங்கள். மைக்கேல் சம்மனசு வானுலகைக் காப்பவராம். பிள்ளைப் பட்டம் மண்ணுலகைக் காத்தது!

வழக்குத் தோற்றது. கிறித்தவக் கோவிலுக்குள் சாதியின் பேரால் தனியிடம் கேட்க உரிமையில்லை என்று ஆயிற்று. இந்தத் தீர்ப்பை நாம் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இன்று எந்த மேற்றிராணியாரிடம் சென்று, 'ஐயா, உங்கள் பங்கில் இப்படி நடக்கிறதே' என்று கேட்டாலும், 'என்ன செய்வது, ஊர் வழக்கம். கட்டாயப்படுத்தினால் கலகம் வரும்' என்ற பதில் வருகிறது. வழக்கம் என்ற அந்தச் சாக்கு நூறாண்டுக்கு முன்பே நீதிமன்றத்தில் செத்துவிட்டது. செத்ததைத் தூம்பாவில் வைத்து இன்னமும் ஊர்வலம் விடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆகமக் கோவிலில் கருவறைக்குள் எல்லாச் சாதியாரும் செல்லவேண்டும் என்று நாம் போராடியபோது, அர்ச்சகர் ஒன்று சொன்னார், மடாதிபதி ஒன்று சொன்னார், ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டினர். ரோமைத் திருச்சபையில் அந்தக் குழப்பமே இல்லை. மறைமாவட்டத்துக்கு ஒரே தலைவர், ஆயர். பங்குகளை உண்டாக்கவும் கலைக்கவும் மாற்றவும் அவர் ஒருவருக்கே அதிகாரம் என்று அவர்களுடைய திருச்சபைச் சட்டத்தின் 515-ஆம் பிரிவு சொல்கிறது. பங்குக்குருவை அமர்த்துபவரும் அவரே. திருமுழுக்குப் பெற்றோர் யாவரும் மாண்பிலே சமம் என்று அதே சட்டத்தின் 208-ஆம் பிரிவு பேசுகிறது. சட்டமும் கையில், சாவியும் கையில். அப்படியானால் ஒரு பங்கில் சாதி நடமாடுகிறது என்பதன் பொருள் என்ன? நடமாட விட்டிருக்கிறார்கள் என்பதல்லவா?

இந்த விட்டுக்கொடுத்தலுக்கு வரலாறு உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தார்; பூணூல் அணிந்தார்; முத்துக்குளித்துறைப் பரதவர்க்குக் குருவாயிருந்த தம் சபைக்காரரிடமிருந்தே விலகி வாழ்ந்தார். மேற்சாதியை இழுக்கவேண்டுமானால் மேற்சாதியாகத் தோன்றவேண்டும் என்பது கணக்கு. அவர் தமிழுக்குச் செய்த உரைநடைத் தொண்டு தனி. அதை மறுப்பார் தமிழறியார். ஆயினும் பூணூலும் குடுமியும் சந்தனமும் வெறும் ஊர் வழக்கம், மதமல்ல என்று அவர் வாதாட, 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு இசைந்தார். பிறகு என்னவாயிற்று? பிராமண சன்னியாசி வேடத்தில் இருக்கும் குரு தாழ்த்தப்பட்டாரை அண்ட முடியாது. ஆகவே அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகைக் குருக்கள் ஏற்பட்டனர். ஒரே சபை, ஒரே வேதம், இரண்டு சாதிக் குருக்கள்!

போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பார் 1704-ல் ஓர் ஆணை போட்டார். அதிலுள்ள செய்திகளில் ஒன்றைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சு கொதிக்கிறது. நோயுற்றுக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குரு சென்று இறுதிச் சடங்குகளைச் செய்யவேண்டும் என்பதே அது. ஆணை போட்டுத்தான் செல்லவைக்க வேண்டியிருந்தது! அந்த ஆணையை எதிர்த்து நாற்பதாண்டுகள் ரோமாபுரிக்கும் தமிழகத்துக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. சாகக் கிடப்பவனின் குடிசைக்குள் தலைகுனிந்து நுழையலாமா கூடாதா என்று இறையியல் அறிஞர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தபோது எத்தனை பேர் செத்தார்களோ! இறுதியில் 1744-ல் பதினான்காம் பெனதிக்து கண்ட வழி எது தெரியுமா? தாழ்த்தப்பட்டார்க்கென்று தனியாகக் குருக்களை ஒதுக்கிவிடுவது. தீண்டாமையை ஒழிக்காமல் தீண்டாமைக்கு ஆள் அமர்த்திய ஏற்பாடு.

கத்தோலிக்கரால் தமிழகம் பெற்ற நன்மை எதையும் நாம் மறைக்க வரவில்லை. 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோது இந்திய மொழிகளுள் முதன்முதல் தன் எழுத்தில் அச்சுக் கண்டது நம் தமிழ். எகர ஏகார, ஒகர ஓகார வடிவங்களைத் திருத்தியவர் வீரமாமுனிவர். 1968-ல் அண்ணாவின் ஆட்சியில் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்துக் கொண்டாடினோம். மனுவின் பெயரால் கல்வி மறுக்கப்பட்டவர்க்குப் பள்ளிக் கதவைத் திறந்த பங்குகள் பல. அதனாலேயே கேட்கிறோம். எழுத்தில் கை வைத்துச் சீர்திருத்தும் துணிவு இருந்தவர்களுக்குத் தெருவில் கை வைக்கும் துணிவு ஏன் வரவில்லை?

மறைமாவட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் இன்னொரு வேடிக்கை. 1886-ல் திருச்சி மறைமாவட்டம். அதிலிருந்து 1923-ல் தூத்துக்குடி; 1938-ல் மதுரை. 1973-ல் பாளையங்கோட்டை, 1987-ல் சிவகங்கை, 2003-ல் திண்டுக்கல். தெற்கே கொல்லத்திலிருந்து 1930-ல் கோட்டாறு. கோட்டாற்றிலிருந்து 2014-ல் குழித்துறை. ஒவ்வொரு முறையும் ரோமாபுரியில் ஓர் ஓலை எழுதப்படுகிறது. இலட்சக்கணக்கான மக்களின் ஆன்ம அதிகாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகிறது. சொத்து மாறுகிறது, குருக்கள் மாறுகிறார்கள், எல்லை மாறுகிறது. கலகம் வரும் என்று எவரும் அஞ்சி நின்றதில்லை. நிலப்படத்தில் இத்தனை கோடு கிழிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கிராமத்துத் தெருமுனையிலுள்ள கோட்டை மட்டும் அழிக்கத் தெரியவில்லை.

அந்தத் தெருமுனையை நாம் நேரில் கண்டோம். ஊர்ப்பெயர் வேண்டாம், ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். நண்பர் ஒருவர் அழைப்பின்பேரில் அந்தோணியார் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். நமக்கு அந்தோணியாரும் ஒன்றுதான் ஐயனாரும் ஒன்றுதான் என்பது நண்பருக்குத் தெரியும். 'சோறு நன்றாயிருக்கும், வா' என்றார். இரவு பத்து மணிக்குச் சப்பரம் புறப்பட்டது. பூவும் விளக்கும் கொட்டு முழக்கும் வாணவேடிக்கையுமாகக் கோவிலைச் சுற்றி, கடைத்தெரு வழியாக வந்து, கீழத்தெரு முனையில் நின்றது. அங்கே ஐம்பது அறுபது பேர், கையில் மெழுகுவத்தியுடன். பங்குக்குரு தீர்த்தம் தெளித்தார். சப்பரம் திரும்பிற்று. முனையோடு திரும்பிற்று! தெருவுக்குள் செல்லவில்லை.

கூட்டத்தில் ஒரு மூதாட்டி. காற்றில் அணையாமல் மெழுகுவத்தியைக் கையால் மறைத்தபடி நின்றிருந்தார். 'ஏம்மா, சப்பரம் உள்ளே வராதா?' என்றோம்.

'தேரு பெருசுய்யா. எங்க தெரு சின்னது. அதான் சாமியாரு வேண்டாம்னுட்டாரு' என்றார்.

கோபமில்லை அவர் குரலில். அதுதான் நம்மை உறங்கவிடவில்லை. விடியற்காலை நண்பரிடம் தச்சுவேலைக்கான அளவுநாடா ஒன்றை வாங்கிக்கொண்டு போனோம். கீழத்தெருவின் வாயில் பன்னிரண்டு அடி. முன்னிரவு சப்பரம் மங்களமாகச் சென்று வந்த கோவில் பின்தெரு, அதன் குறுகிய இடத்தில் பதினோரு அடி! நண்பர் முகம் தாழ்ந்தது. அவர் அந்தப் பின்தெருக்காரர்.

எல்லா ஊரிலும் இப்படியா என்று கேட்பீர்கள். இல்லை. ஒன்றாய் அமர்ந்து ஒன்றாய் நன்மை வாங்கும் பங்குகள் உண்டு. தம் குருத்துவ வாழ்வையே இதற்காகப் பணயம் வைத்துப் போராடிய குருக்களும் உண்டு. ஆனால் நடந்தவற்றை எண்ணிப்பாருங்கள். திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். உயிர்த்தெழும் நாளில் எந்தப் பக்கத்துக்காரன் முதலில் எழுவது என்ற ஐயம் போலும்! அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட பங்கில், ஒதுக்கப்பட்டே வந்த தாழ்த்தப்பட்டோர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டனர். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன, போலீசார் சுட்டனர், வன்னியக் கிறித்தவர் இருவர் மாண்டனர். அடித்தவரும் கிறித்தவர், அடிபட்டவரும் கிறித்தவர், குண்டுக்கு இரையானவரும் கிறித்தவர். அந்த இரு உயிர்களுக்கும் நாம் இரங்குகிறோம். முன்னமே முடிவெடுத்திருக்க வேண்டியவர் முடிவெடுத்திருந்தால் அவர்கள் செத்திருக்க வேண்டியதில்லை.

தனிப் பங்கு கேட்டது சரியா என்று நம் தோழர்களிடையேயே விவாதம் உண்டு. சாதிக்கொரு பங்கு என்றால் வடக்கன்குளத்துக் கால்சட்டைக்கே திரும்புவதாகாதா என்கிறார்கள். நியாயமான அச்சம். ஆயினும், பொதுக்கோவிலில் பொது இடம் கிடைக்காதவன் தனியிடம் கேட்டால், குற்றம் கேட்டவன் தலையிலா? பொது இடத்தைப் பொதுவாக்கிக் காட்டுங்கள்; தனியிடக் கோரிக்கை தானே உதிரும்.

கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கில் தாழ்த்தப்பட்ட கிறித்தவர் தங்கள் முறையீட்டைக் கடைசியில் உச்சநீதிமன்றம் வரை கொண்டுசென்றனர். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் எதிர்த்தரப்பாரிடம் விளக்கம் கேட்டது. தேர் தங்கள் தெருவுக்கு வருவதில்லை, கோவில் நிர்வாகத்தில் இடமில்லை என்பன அவர்கள் சொன்ன குறைகளில் அடங்கும். அன்று வெள்ளாளர் சுவர் வேண்டும் என்று நீதிமன்றம் சென்றார்கள். நூறாண்டு கழித்துத் தாழ்த்தப்பட்டார் தேர் வேண்டும் என்று நீதிமன்றம் செல்கிறார்கள்.

வடக்கன்குளத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745-ல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அந்த ஊரில்தான். 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார் என்பதை அவர் பெருமையாகத் திருச்சபையே சொல்கிறது. 2022 மே 15-ல் ரோமாபுரியில் அவரைப் புனிதராக்கினார்கள். அதற்கு முன், அவர் பெயரிலிருந்த 'பிள்ளை' என்ற சாதிப்பட்டம் வேண்டாம் என்று 2020-ல் வத்திக்கான் எடுத்துவிட்டது. நல்லது, வரவேற்கிறோம். செத்து இருநூற்றறுபத்தெட்டு ஆண்டு கழித்தாவது ஒருவர் பெயரிலிருந்து சாதி உதிர்ந்தது. உயிரோடிருப்பவர்கள் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்?

இனி டெல்லிக்கு வருவோம். 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதார் பட்டியல் சாதியாரல்லர் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தார்கள். கிறித்தவருக்கும் முசுலிமுக்கும் மூடியே வைத்தார்கள். இது அநீதி. மதத்தைக் காட்டி உரிமையைப் பறிப்பது மதச்சார்பற்ற அரசு என்று சொல்லிக்கொள்வோர் செய்யத்தக்க செயலன்று. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்னும் தொழிலாளி உச்சநீதிமன்றம் வரை சென்றார். மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985-ல் அவர் மனு தள்ளப்பட்டது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத்தடையை நீக்கச் சொன்னது. 2022-ல் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள்.

இந்தக் கோரிக்கையில் ஆயர்களின் பக்கம் நாம் நிற்கிறோம், எள்ளளவும் ஐயமின்றி. ஆனால் அவர்கள் டெல்லியில் சொல்வது என்ன? 'எங்கள் மக்கள் ஞானஸ்நானம் பெற்றும் சாதி அவர்களை விடவில்லை, திருச்சபைக்குள்ளும் துன்புறுகிறார்கள்.' 2016-ல் இந்திய ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையிலேயே உள்ளே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2003-ல் போப் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தமிழக ஆயர்களை நேரில் வைத்துக்கொண்டே, கிறித்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயலும் கூடாது என்று அறிவுறுத்தினார். டெல்லியில் இப்படி. ஊருக்குத் திரும்பியதும்? 'எங்கள் பங்கில் சாதியா? அப்படியொன்றும் பெரிதாக இல்லையே!' நீதிபதி சான்று கேட்டபோது கொடுக்கவேண்டிய சான்று, பங்குக் கல்லறையிலும் திருவிழாப் பட்டியலிலும் மண்டகப்படிக் கணக்கிலும் கிடக்கிறது. அதை வெளியே எடுத்தால் தம் குற்றமும் உடன் வெளிவரும். சூசை தோற்றதற்கு அந்த மௌனத்துக்கும் பங்குண்டு என்பது நம் எண்ணம்.

'கடவுளே இல்லை என்பவர்களுக்குக் கோவிலுக்குள் என்ன வேலை?' என்று சிலர் கேட்பார்கள். கோவிலுக்குள் நமக்கு வேலையில்லை; தெருவில் இருக்கிறது. மெழுகுவத்தியோடு நின்ற அந்தக் கிழவிக்குச் சப்பரம் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன என்று நாம் சொல்லிவிடலாம். அவர் மோட்சத்துக்குப் போகவேண்டும் என்பது நம் கவலையன்று. அவர் பேத்தி அந்தத் தெருமுனையில் நின்று, 'நம் தெரு சின்னது' என்று கற்றுக்கொள்கிறாளே, அது நம் கவலை. காவிக்கொடிக்காரர் வேறு ஓடிவந்து, 'பார்த்தாயா, மாறியும் சாதி போகவில்லை, திரும்பி வந்துவிடு' என்கிறார்கள். எங்கே திரும்புவது? இந்த நோயை முதலில் பரப்பிய வீட்டுக்கா? அவர்கள் அழைப்புக்கு வாய்ப்பளிப்பதும் ஆயர்களின் தயக்கமே.

நம் பக்கமும் அழுக்கு உண்டு. மேடையில் சாதியொழிப்புப் பேசிவிட்டு, மகள் திருமணத்துக்குச் சொந்தத்துக்குள் வரன் தேடும் தோழர்களை நாமறிவோம். அவர்கள் பெயரை இந்தக் கட்டுரையில் போடாதது இடமின்மையால்தான். தம் வீட்டுக் கதவைத் திறக்காதவன் அடுத்தவன் கோவில் கதவைத் தட்டினால், உள்ளேயிருப்பவன் சிரிப்பான். சிரிக்கட்டும், தட்டுவதை நிறுத்தவேண்டியதில்லை, முதலில் வீட்டுக்குப் போய்த் திறந்துவிட்டு வரவேண்டும்.

கத்தோலிக்க இளைஞர்கள் பலர் நம் ஏட்டைப் படிக்கிறார்கள், கடிதங்கள் வருகின்றன. அவர்களிடம் நாம் மதத்தை விடச் சொல்லவில்லை. அதை அறிவு ஒருநாள் சொல்லும். இப்போது கேட்பது இவ்வளவே. திருவிழா வரிக் கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். எந்தெந்தத் தெருவில் வரி வாங்குகிறீர்கள், எந்தெந்தத் தெருவுக்குச் சப்பரம் போகிறது என்று இரண்டு பட்டியலையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிருவர் எந்தெந்தத் தெருவினர் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி ஆயருக்கு அனுப்புங்கள். படி ஒன்று நமக்கும். வடக்கன்குளத்தில் அந்தச் சுவரை ஒரே ஒரு பங்குக்குரு இடித்துக் காட்டினார். மறைமாவட்டம் முழுவதையும் கையில் வைத்திருப்பவர் என்ன பதில் எழுதுகிறார் என்று பார்ப்போம்.

அந்த ஊரில் அந்தோணியார் திருவிழா அடுத்த ஆண்டும் வரும். நாமும் செல்வோம். நண்பர் இம்முறை சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'அந்த அளவுநாடாவை மறக்காமல் கொண்டுவா' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.